விளம்பரப் படிப்புக்குப் பணம் கட்டுமுன்: டர்பன் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) ரிசல்ட் வந்த கையோடு டர்பன் மால்களில் தனியார் கல்லூரிகளின் பேனர்கள் முளைத்துவிடும். 'மார்க்கெட்டிங் டிகிரி', 'அட்வர்டைசிங் டிகிரி', 'இன்னும் சில இடங்களே'. அப்படி ஒன்றில் சேர்ந்த என் அக்கா மகளுக்கு ஒரு வருடமும் 46,000 ரேண்டும் போயிற்று. புகார் நடப்பதால் கல்லூரியின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை விவரமாகவே சொல்கிறேன். பெயரை மாற்றிக்கொண்டு வேறு மாலில் கடை போட இவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

அவள் பள்ளியில் கணக்குக்குப் பதில் மேத்ஸ் லிட்டரசி என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடத்தை எடுத்தவள். பல்கலைக்கழகங்களில் பி.காம். மார்க்கெட்டிங் படிக்கப் பொதுவாக முழுக் கணக்குப் பாடம் வேண்டும், லிட்டரசியை ஏற்கமாட்டார்கள். அந்தக் கவலையில்தான் மாலில் நின்ற 'ஆலோசகர்' இவளைப் பிடித்தார். "லிட்டரசி போதும், மூன்றே வருடத்தில் டிகிரி, ஏஜென்சியில் வேலை" என்றார். பி.ஏ.வில் ஊடகம், தொடர்பியல் எடுத்துப் படிப்பவர்களுக்குப் பொதுவாக அந்தக் கணக்கு தேவைப்படாது. அந்த வழியாகவும் விளம்பரத் துறைக்குப் போகலாம். இதை அவர் சொல்வாரா?

கையேட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஸ்டுடியோ படங்கள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பதிவு எண்', பக்கத்தில் 'அங்கீகாரம் பெற்றது' என்ற முத்திரை. இரண்டாம் வருடக் கட்டணத்துக்காக வங்கிக் கடன் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. விண்ணப்பத்தைப் பார்த்த வங்கிப் பெண், "இது கம்பெனிப் பதிவு எண் அல்லவா? 07 என்று முடிகிறதே" என்றார். பிரைவேட் லிமிடெட் கம்பெனி எதுவானாலும், அது செருப்புக் கடையாக இருந்தாலும், அதன் பதிவு எண் அப்படித்தான் முடியும். பட்டம் தரும் தனியார் கல்லூரி 1997-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி உயர்கல்வித் துறையில் தனியாகப் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு இவர்களிடம் இல்லவே இல்லை.

சரி, அந்த 'அங்கீகாரம்'? அவர்கள் நடத்தும் ஒரு குறுகிய பயிற்சிக்கு ஒரு செட்டா கொடுத்தது அது. தொழில் பயிற்சிக்கான அமைப்பு செட்டா. பட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டப் படிப்பின் தரத்தைப் பார்ப்பது உயர்கல்வி கவுன்சில். அந்தப் படிப்பைத் தேசியத் தகுதிச் சட்டகத்தில் பதிந்து எண் கொடுப்பது தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வா. மூன்றும் வேறு வேறு. ஒன்றின் முத்திரையைக் காட்டி மற்ற இரண்டையும் நம்ப வைத்தார்கள்.

ஒப்பந்தத்தை அப்புறம் நிதானமாக வாசித்தோம். எங்கும் 'டிகிரி' என்று தனியாக இல்லை. 'டிகிரி ஸ்டடீஸ் புரோகிராம், முதல் நிலை' என்றுதான் இருந்தது. அந்தத் தாளைத் தயாரித்தவருக்கு விளம்பரக் கலை நன்றாகவே கைவந்திருக்கிறது!

வேறு கல்லூரியில் இரண்டாம் வருடம் சேரலாமா என்று கேட்டுப் பார்த்தோம். முதல் கேள்வியே சாக்வா எண் என்ன என்பதுதான். எண் இல்லாததால் ஒரு வருடப் படிப்புக்கு ஒரு கிரெடிட்கூடக் கிடைக்கவில்லை. "மாமா, அசைன்மென்ட் எல்லாம் ஒழுங்காத்தானே செஞ்சேன்" என்று அழுதாள். செய்தாள்தான்.

நம் வீடுகளில் பட்டம் என்றால் ஒரு பசி உண்டு. இந்தியர்களுக்கென்று துறைமுகத்திலுள்ள சாலிஸ்பரி தீவில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்ததே 1961-இல்தான். அதற்கு முன்னால் பட்டம் வாங்கப் பலர் ஊரை விட்டே போன சமூகம் நம்முடையது. 'டிகிரி' என்று சொன்னால் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் மறுபேச்சில்லாமல் பர்ஸ் திறக்கும் என்பது இந்த வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும்.

தனியார் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. விளம்பரத் துறையினரே தொடங்கிய ஏஏஏ ஸ்கூல் ஆஃப் அட்வர்டைசிங் தனியார்தான். எதுவானாலும் உயர்கல்வித் துறை வெளியிடும் தனியார் நிறுவனப் பதிவேட்டை நீங்களே திறந்து பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்பும் வளாகமும் அதில் இருக்க வேண்டும். பிறகு சாக்வா தளத்தில் அந்தப் படிப்பின் எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள்: ஹையர் சர்டிபிகேட் 5, டிப்ளமோ 6, பட்டம் 7. பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட் வேண்டும். 120 என்றிருந்தால் அது ஒரு வருடச் சான்றிதழ், வாயால் என்ன சொன்னாலும் சரி. இன்னொன்று, அரசு தரும் என்எஸ்ஃபாஸ் உதவித்தொகை அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும்தான். தனியார் கல்லூரிக்காரர் அதை வாங்கித் தருகிறேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அவர்களாகவே போன் செய்தோ நேரில் அணுகியோ உங்களைச் சேர்த்திருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 5 வேலை நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 'பணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. அவர்கள் ஒப்பந்த நகலை இரண்டு வாரம் இழுத்தடித்துக் கொடுத்தது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

உயர்கல்வித் துறைக்கும், பேனர் வாசகத்துக்காக விளம்பர ஒழுங்குமுறை வாரியத்துக்கும் புகார் எழுதியாயிற்று. பொதுமக்கள் வாரியத்திடம் புகார் தரக் கட்டணமில்லை. இதற்கிடையில் கல்லூரியிலிருந்து ஒரு மெயில் வந்தது: கட்டிய பணத்துக்கு ஈடாக சோஷியல் மீடியா கோர்ஸில் இலவச இடம் தருகிறார்களாம். அதன் சாக்வா எண் என்ன என்று கேட்டு எழுதினோம். இன்னும் பதில் இல்லை.