கன்சல்டிங்கா, ஆலையா? இரண்டிலும் இருந்தவள் சொல்கிறேன்

என் பெரியம்மா பேத்திக்கு எம்பிஏ முடியப் போகிறது. கையில் இரண்டு வேலை. ஒன்று, பெங்களூரில் ஒரு மேலாண்மை ஆலோசனை நிறுவனம். பிள்ளைகள் வாயில் சுருக்கமாகக் 'கன்சல்டிங்'. இன்னொன்று, நம்ம திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையில் மேனேஜ்மென்ட் டிரெய்னி. போன ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, எதுக்குப் போவட்டும்? சம்பளம் எவ்வளவுன்னு எனக்கே தெரியும். வேலை எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

நான் நான்கு வருடம் கன்சல்டிங்கில் இருந்தேன். 2019 முதல் இங்கே, பிளாஸ்டிக் மூடிகளும் டப்பாக்களும் மோல்டில், அதாவது அச்சில், வார்க்கிற ஓர் ஆலையில் இருக்கிறேன். அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளும் இதையே அடிக்கடி கேட்கிறார்கள்.

முதலில் கன்சல்டிங் என்றால் எல்லாம் ஒன்றில்லை. மெக்கின்சி, பிசிஜி, பெயின் என்கிற மூன்றும் ஒரு வகை. மெக்கின்சியை 1926-ல் சிகாகோவில் தொடங்கியவர் ஜேம்ஸ் மெக்கின்சி, கணக்கியல் பேராசிரியர். பிசிஜி, அதாவது பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1963-ல் வந்தது. அங்கிருந்து பிரிந்துபோனவர்கள் 1973-ல் தொடங்கியது பெயின். எந்தத் தொழிலில் இறங்குவது, எதை மூடுவது, செலவை எங்கே குறைப்பது என்று முதலாளிகளுக்கும் தலைமை அதிகாரிகளுக்கும் சொல்வது இவர்கள் வேலை. டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கும் தணிக்கையிலிருந்து வந்தவை. இங்கே ஆள் அதிகம், வேலை வகையும் அதிகம். கம்ப்யூட்டர் முறைகளை நிறுவித் தருவதிலிருந்து வரி ஆலோசனை வரைக்கும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதவு சற்று அகலமாகத் திறப்பதும் இங்கேதான். சிஏ முடித்தவர்கள் போகலாம், பொறியியல் முடித்த கையோடும் போகலாம். முந்தைய மூன்றுக்கும் பெரும்பாலும் ஐஐடி, ஐஐஎம் மாதிரியான இடங்களிலிருந்துதான் ஆள் எடுப்பார்கள்.

தணிக்கையையும் ஆலோசனையையும் ஒரே கூரைக்குள் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஆர்தர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தணிக்கை நிறுவனம் சாட்சி. என்ரான் என்கிற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்துக்குக் கணக்குப் பார்த்ததும் அவர்கள்தான், ஆலோசனை சொல்லிப் பணம் வாங்கியதும் அவர்கள்தான். கணக்கு மோசடி வெளியாகி, 2001 கடைசியில் என்ரான் விழுந்தது. அடுத்த வருடமே ஆண்டர்சனும் இல்லாமல் போனது. சேரப் போகும் நிறுவனம் எப்படிப் பிறந்தது, எதனால் அடிபட்டது என்று இன்டர்வியூவுக்கு முன்னால் படித்துவிட்டுப் போக வேண்டும். நான் படிக்காமல்தான் போனேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கன்சல்டிங்கில் எல்லாம் ப்ராஜெக்ட் கணக்கு. ஒன்று பெரும்பாலும் 8 முதல் 12 வாரம். நான்கைந்து பேர் குழு. பார்ட்னர் வேலையைப் பிடித்துக்கொண்டு வருவார், மேனேஜர் நடத்துவார், இரண்டு மூன்று சின்னவர்கள் எண்களைப் பிடித்து மல்லுக்கட்டுவார்கள். முதல் வாரத்திலேயே, 'பதில் இதுவாக இருக்கலாம்' என்று ஓர் ஊகத்தை எழுதிவிட்டு, அது சரியா தப்பா என்று ஆதாரம் தேடிப் போகச் சொல்வார்கள். ஒரு பெரிய கேள்வியைக் கிளை கிளையாக உடைக்க வேண்டும். ஒரு கிளை இன்னொன்றின்மேல் ஏறக்கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. அப்புறம் ஸ்லைடு. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும், தலைப்புகளை மட்டும் வாசித்தாலே கதை புரிய வேண்டும். இந்த ஒரு பயிற்சிக்காகவே நான் அந்த நான்கு வருடத்துக்கு நன்றி சொல்வேன். நான் படித்த பள்ளியில் பத்து பக்கம் எழுதினால் நல்ல மார்க். எதை விடலாம் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அங்கே இருந்த ஒரு மேனேஜர் அக்கா. என் ஸ்லைடில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். ராத்திரி பதினொரு மணிக்கும் பொறுமையாக, "இது தெரிஞ்சா அவங்க என்ன வேற மாதிரி செய்வாங்க? ஒண்ணும் இல்லன்னா எடுத்துரு" என்பார்.

வேகமும் அப்படித்தான். மார்ச்சில் சிமென்ட், ஜூனில் ஆஸ்பத்திரி, செப்டம்பரில் ஜவுளிக் கடைகள். இருபத்து நாலு வயதில், முப்பது வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும். முதல் ஆறு மாதம் அந்தப் பயத்திலேயே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பயம் போய்விட்டது. அது போனது நல்லதா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நேரத்தைப் பற்றி மழுப்ப வேண்டாம். திங்கள் விடியற்காலை விமானம், வியாழன் இரவு திரும்பல், வெள்ளி ஆபீஸ். கிளையன்ட் ஊரில் இருக்கும்போது நடுராத்திரிக்கு முன்னால் படுத்த நாட்கள் குறைவு. மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சனிக்கிழமை காலை ஜங்ஷனில் இறங்கி, வீட்டுக்கு வந்து மத்தியானம் வரை தூங்குவேன். அம்மா சோறு போட்டு எழுப்புவாள். ஞாயிறு சாயங்காலம் மறுபடி ரயில். இப்படியே நான்கு வருடம் போனது. அந்தக் காலத்தில் அப்பாவோடு உட்கார்ந்து பேசிய பொழுதுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, 'ஏறு, இல்லாவிட்டால் வெளியேறு' என்கிற முறை. இரண்டு மூன்று வருடத்துக்குள் அடுத்த படிக்கு ஏறவில்லை என்றால் மரியாதையாக வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்வார்கள். தேடுவதற்கு மாதக்கணக்கில் நேரமும் கொடுப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் கூட வேலை பார்க்கிறவர் தோழியா போட்டியா என்று தெரியாத ஒரு நிலை எப்போதும் இருக்கும். ப்ராஜெக்ட் இல்லாத நாட்களில் 'பென்ச்'சில் இருப்போம். சம்பளம் வரும், நிம்மதி வராது.

ஆலையில் இதெல்லாம் தலைகீழ். இங்கே யாரும் யாரையும் மூன்று வருடத்தில் ஏறச் சொல்வதில்லை, சில பேர் பதினைந்து வருடமாக ஒரே நாற்காலியில் இருக்கிறார்கள். மேலே காலியானால்தான் நமக்கு இடம். துடிப்பான பிள்ளைக்கு இது மூச்சு முட்டும், அதை மறைக்கவில்லை. முதல் வருடம் நானும் ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்தேன். வந்த இரண்டாவது மாதம், ஒரு மெஷின் அடிக்கடி நிற்பது ஏன் என்று ஆறு மாதத்து லாக் புத்தகத்தை எக்செலில் ஏற்றி, மின்சார ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று நிரூபித்துக் காட்டினேன். அழகான படமும் போட்டிருந்தேன். எங்கள் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், அது ரெண்டாவது ஷிப்ட்லதான் நிக்கும். கரண்டு இல்ல காரணம். அந்த நேரத்துல மோல்டு மாத்துற பையன் ஒத்தை ஆளு. அவசரத்துல போல்ட்ட சரியா முறுக்க மாட்டான்."

போய்ப் பார்த்தேன், அண்ணாச்சி சொன்னதுதான் சரி. இன்னொரு ஆளைப் போட்டோம். மோல்டு மாற்றும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை முன்கூட்டியே முடிக்கப் பழக்கினோம். இது ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ வகுத்த முறை, எனக்குக் கன்சல்டிங்கில் கற்றுக்கொடுத்தது. இரண்டு மணி நேரம் ஆனது ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. அதற்கு ஒன்பது மாதம் பிடித்தது. கன்சல்டிங்கில் அந்த ஒன்பது மாதத்தில் மூன்று கம்பெனிகளுக்கு 'மோல்டு மாற்றும் நேரத்தைப் பாதியாக்கலாம்' என்று ஸ்லைடு கொடுத்திருப்பேன். அந்தப் பையன் மனசு மாறியதை, அவனே இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்திருக்க மாட்டேன்.

எனக்கு முக்கியமான வேறுபாடு இதுதான். நான் சொன்னது என்ன ஆயிற்று என்று பார்க்க, ஒரு வேலையில் நான் அங்கே இருப்பதில்லை. இன்னொன்றில் இருந்தே ஆக வேண்டும்.

கன்சல்டிங்கில் இரண்டாவது வருடம், ஒரு நிறுவனத்துக்காகத் தென்மாவட்டத்துச் சின்னக் குடோன்களை மூடிவிட்டு மதுரையிலிருந்து நேராக லாரி விடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தோம். வள்ளியூர், திசையன்விளை, ஆலங்குளம் என்று என் ஊர்ப் பெயர்களை எக்செலில் தட்டும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாடகை, டீசல், சரக்கு தேங்குவதன் வட்டி எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். கிளையன்ட் கைதட்டினார்கள், நாங்கள் அடுத்த ப்ராஜெக்டுக்குப் போய்விட்டோம். மூன்று வருடம் கழித்துத் திசையன்விளையில் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த கடைக்கார அண்ணாச்சி பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த நிறுவனத்துச் சரக்கை அவர் விட்டுவிட்டாராம். "முன்னால குடோன்காரர் பத்து நாள் கடன் தருவாரு. பிள்ளைக்குப் பீஸ் கட்டுற மாசம் இருபது நாளும் பொறுப்பாரு. மதுரைலருந்து வர்ற லாரிக்காரன் கைல காசு இல்லாம இறக்க மாட்டான்."

அந்தக் கடனுக்கு என் எக்செலில் இடமே இருந்ததில்லை. கணக்குப் போட்ட குழுவில் நானும் இருந்தேன் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு போனப் போட்டுக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். கேட்கப் பயந்த அந்த முதல் ஆறு மாதத்து நானாக இருந்திருந்தால், ஒருவேளை நாலு கடையிலாவது போய் நின்று கேட்டிருப்பேன்.

இது என் ஒருத்தியின் சின்னக் கதை. உலக அளவிலும் இதே குறை பெரிய கேடு செய்திருக்கிறது. அமெரிக்காவில் அடிமைப்படுத்தும் ஓபியாய்டு வலி மருந்துகளின் விற்பனையைக் கூட்டுவதற்கு ஆலோசனை சொன்னதற்காக மெக்கின்சி 2021-ல் மாநிலங்களுக்கு 57 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2024 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறையின் விசாரணையை முடித்துக்கொள்ள இன்னும் 65 கோடி டாலர். அந்த மருந்தால் பிள்ளையை இழந்த வீட்டுத் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தால் அந்த ஸ்லைடை எழுதியிருப்பார்களா என்று நான் கேட்டுக்கொண்டதுண்டு.

கன்சல்டிங்கில் கற்றது வீண் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. எங்கள் ஷிப்ட் பஸ் போகிற ஊர்களில் பாதி தண்ணீருக்குள். ஆட்களின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர், எந்த ஆள் எந்தத் தெரு, யார் வீட்டில் மாடி உண்டு, யார் வீட்டில் கைக்குழந்தை என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனார். அதை இருபது நிமிடத்தில் ஒரு பட்டியலாக்கி, பேசியாயிற்றா, எங்கே இருக்கிறார், என்ன தேவை, யார் போகிறார் என்று கட்டம் பிரித்து, ஆளுக்கு இருபது பெயராக வேலையைப் பகிர்ந்தேன். அந்தக் கை வேகம் எனக்குக் கன்சல்டிங் கொடுத்தது. பட்டியலுக்குள் இருந்த விஷயமெல்லாம் அண்ணாச்சியுடையது. மூன்றாம் நாள் மத்தியானம் கடைசி ஆளும் போனில் கிடைத்தபோது டைம் ஆபீஸில் எல்லோருமே அழுதுவிட்டோம்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்றாள், ஆனாலும் சொன்னேன். ஆலைக்கு வந்தபோது என் சம்பளம் பாதிக்கும் கீழே போனது. அம்பையிலும் பாளையிலும் வாழ அந்தப் பாதி போதும், கல்விக் கடன் இருந்தால் போதாது. கடன் இருக்கிற பிள்ளை முதலில் கன்சல்டிங்குக்குப் போய் அடைக்கட்டும், அதில் வெட்கமே இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். ஊர் ஊராகப் பறக்கும் வேலையைச் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரிப் பேசுவார்கள், ஆலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தாலும் அதே பேச்சுதான். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

கடன் இல்லை என்றால் என் யோசனை, முதல் இரண்டு வருடம் ஆலை, பிறகு கன்சல்டிங். இதில் சிக்கல் இருக்கிறது, தெரியும். கல்லூரி முடிக்கிற நேரத்தில்தான் கன்சல்டிங் கதவு நன்றாகத் திறந்திருக்கும், பின்னால் நுழைவது கஷ்டம். ஆனால் ஷிப்டில் நின்று பழகிய பிள்ளை எக்செலைத் திறந்தால், எந்தக் கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்கே தோன்றும். அதற்காக அந்தக் கஷ்டத்தைப் படலாம் என்று நினைக்கிறேன்.

அவளுக்குக் கடன் இருக்கிறது, ஆனால் பெரிதில்லை. "ரெண்டு நாள் யோசிக்கேன் சித்தி" என்றாள். யோசிப்பதற்கு முன்னால் ஒருதரம் பார்த்துவிடு என்று சொல்லி, வருகிற சனிக்கிழமை மத்தியானம் ரெண்டாவது ஷிப்ட் ஏறும் நேரத்துக்கு எங்கள் ஆலைக்குக் கேட் பாஸ் வாங்கி வைத்திருக்கிறேன். ஃபோர்மேன் அண்ணாச்சி அவளுக்குச் சேஃப்டி ஷூ என்ன சைஸ் என்று கேட்டிருக்கிறார்.