துபாயிலிருந்து மொத்தமாகக் கிளம்புகிறீர்களா? ‘டோர் டு டோர்’ கார்கோவில் கவனம்

துபாயைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர்கள், வீட்டுச் சாமானைக் கப்பலில் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரே சரக்குக்கு நாங்கள் இரண்டு முறை பணம் கட்டினோம்: அங்கே ஒரு தடவை, சென்னையில் ஒரு தடவை.

கடைசி வாரத்தின் லட்சணம் கிளம்பியவர்களுக்குத் தெரியும். டீவா (துபாய் மின்சார, குடிநீர் வாரியம்) கணக்கை முடித்து 2,000 திர்ஹாம் டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டும். எஜாரியை, அதாவது வீட்டு வாடகை ஒப்பந்தப் பதிவை, ரத்து செய்ய வேண்டும். மனைவி, பிள்ளைகள் விசாவை முதலில் கேன்சல் செய்து, அப்புறம்தான் நம்முடையது. நடுவில் பள்ளியில் டிசி. வாஷிங் மெஷின் பார்க்க வருகிறேன் என்றவர் ராத்திரி பத்து மணிக்கு வந்து பாதி விலைக்குக் கேட்பார். கார்கோக்காரர் வருவதும் இந்த நேரத்தில்தான். டிக்கெட் போட்டாகிவிட்டது, விசாவும் போய்விட்டது, இனி இவர்கள் திரும்பி வந்து சண்டை போட முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எங்களிடம் வந்தவர் திருநெல்வேலிப் பக்கம். “அண்ணே, வீட்டு வாசல்ல இறக்கிடுவோம். அங்க ஒரு பைசா கேக்க மாட்டாங்க” என்றார். ஐந்து சிபிஎம் (கன மீட்டர்), 2,500 திர்ஹாம், கஸ்டம்ஸ் வேலை உட்பட. இதெல்லாம் வாய்ப்பேச்சு. ரசீதில் ‘சீ ஃபிரைட், சென்னை’ என்று மட்டும்தான் இருந்தது. கேட்டதற்கு, “சிஸ்டத்துல அப்படித்தாண்ணே வரும்” என்றார்.

கப்பல் சென்னை வந்ததும் பாரிமுனையில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து போன். டெலிவரி ஆர்டர் (டிஓ, சரக்கை எடுக்கத் தேவையான சீட்டு) வேண்டுமானால் 68,000 ரூபாய் கட்டவேண்டுமாம். இது சுங்க வரி அல்ல. டெஸ்டினேஷன் சார்ஜ், சிஎஃப்எஸ் (கண்டெய்னர் சரக்கை இறக்கி வைக்கும் கிடங்கு) சார்ஜ், டிஓ சார்ஜ், டாக்குமென்ட் சார்ஜ் என்று நீளமான பட்டியல். அதன் தலையில் 8.2 சிபிஎம் என்று போட்டிருந்தது.

வீட்டில் அவரே டேப் பிடித்து அளந்த பெட்டிகள் அவை. 45 × 45 × 60 செ.மீ. பெட்டி ஒன்று சுமார் 0.12 சிபிஎம். 40 பெட்டி போட்டாலும் ஐந்தைத் தாண்டாது. கோடவுனில் மரப் பலகை மேல் இஷ்டத்துக்கு அடுக்கி, பலகையையும் இடையில் இருக்கும் காற்றையும் சேர்த்து மறுபடி அளந்திருக்கிறார்கள். சென்னைக் கட்டணங்களில் பெரும்பகுதி சிபிஎம் கணக்கில் வருவதால், அளவு ஏறினால் பில்லும் சேர்ந்து ஏறும். பலர் சரக்கை ஒரே கண்டெய்னரில் ஏற்றும் இந்த வியாபாரத்தில், புறப்படும் இடத்தில் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு இறங்கும் இடத்தில் வசூலித்துப் பங்கு போட்டுக்கொள்வது பழைய வித்தை.

துபாய்க்குப் போன் செய்தால், “அது சென்னை ஏஜென்ட் சார்ஜ், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்ற பதில். அண்ணே காணாமல் போய் ‘சார்’ வந்துவிட்டது. மணலிப் பக்கத்து சிஎஃப்எஸ்ஸில் இலவச நாட்கள் முடிந்து வாடகை ஏறிக்கொண்டிருந்தது. வாதாட வாதாட நமக்குத்தான் நஷ்டம். கொஞ்சம் பேரம் பேசிக் கட்டினோம். கிரைண்டர் கல் உடைந்து வந்ததைப் பற்றிப் பேசக்கூடத் தெம்பில்லை.

போடப்போகிறவர்கள் சென்னைக் கட்டணம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, யார் கட்டுவது என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில், டிரேட் லைசென்ஸ் எண்ணோடு எழுதி வாங்குங்கள். ‘ஆல் இன்குளூசிவ்’ என்ற ஒற்றை வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. சென்னையில் டிஓ கொடுக்கப்போகும் ஏஜென்ட் யார் என்று கேட்டு, அவருக்கு நேராக மெயில் போட்டு அவர்களுடைய கட்டணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். பெட்டிகளின் நீள அகல உயரத்தைப் பேக்கிங் லிஸ்டிலேயே எழுதி, அவர்கள் கையெழுத்தோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ‘யூஸ்டு ஹவுஸ்ஹோல்டு குட்ஸ்’ என்று ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். பிள்ளைகளின் டிசி, மார்க்‌ஷீட், நகை ரசீது எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது, கையோடு வரட்டும்.

புகார் ஆன்லைனில் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் இப்போது வேறு பெயரில் விளம்பரம் போடுகிறார். படத்தில் அதே லாரிதான், பெயரை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.