ஹெபடைடிஸ் சி ஜீனோடைப் பரிசோதனை: சென்னைத் தனியார் ஆய்வகம் ஒன்றில் எங்கள் அனுபவம்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அண்ணனுக்குக் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்ததால் ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்தோம். வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஆன்டிபாடி நெகட்டிவ் என்று வந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வைரஸ் இருந்தும் ஆன்டிபாடி உருவாகாமல் போகலாம் என்பதால், மருத்துவர் அதை நம்பாமல், வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ பிசிஆர் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார், அது பாசிட்டிவ். டயாலிசிஸ் காலத்தில் தொற்றியிருக்கலாம் என்றார். அதன் பிறகே ஜீனோடைப் (வைரஸின் மரபணு வகை) பார்க்க இந்த ஆய்வகத்தை நாடினோம்.

ரத்தம் எடுத்த விதத்தில் குறையே இல்லை. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடது கையைத் தொடக் கூடாது என்று நாங்கள் வாய் திறக்கும் முன்பே, வீட்டுக்கு வந்த பெண் வலது கையை நீட்டச் சொன்னார். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார்.

அறிக்கைதான் ஏமாற்றம். 5 நாள் என்றது 11 நாளானது. வந்த தாளில் ‘ஜீனோடைப் 3’ என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தது. துணை வகையும் இல்லை, எந்த முறையில் கண்டறிந்தார்கள் என்ற குறிப்பும் இல்லை. இந்தியாவில் அதிகம் காணப்படுவது 3 என்பதால் முடிவு வியப்பளிக்கவில்லை. ஆனால் 3ஏ மருந்துக்கு அடங்குகிற அளவுக்கு 3பி அடங்குவதில்லை. கல்லீரல் சுருக்கமும் சேர்ந்திருந்தால் அந்த ஓர் எழுத்து சிகிச்சை முடிவையே மாற்றக்கூடும். தொலைபேசியில் கேட்டால், “டாக்டர்கிட்ட கேளுங்க சார்” என்பதே பதில்.

இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசி மருந்தின் காலத்தில் வகையை வைத்துத்தான் சிகிச்சைக் காலத்தையே முடிவு செய்தார்கள். அந்த ஊசி, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கத் தூண்டும் என்ற அச்சம் வேறு. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர்–வெல்பட்டாஸ்விர் கூட்டு மாத்திரை எல்லா வகைகளுக்கும் பொருந்துவதால், எங்கள் மருத்துவர் துணை வகைக்குக் காத்திராமல் 12 வாரத்துக்கு அதையே எழுதினார். வெல்பட்டாஸ்விர் உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும் என்று அசிடிட்டி மாத்திரையை நிறுத்தினார். வைரஸ் குறைந்து கல்லீரல் தேறும்போது எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு இறங்கக்கூடும் என்பதால் அதை அடிக்கடி பார்க்கச் சொன்னார்.

ரத்தம் எடுத்ததற்கு 5 நட்சத்திரம், அறிக்கைக்கு 2. இங்கே கொடுப்பவர்கள், துணை வகையும் அறிக்கையில் வருமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு ‘3ஏ’ என்று திருத்திய தாள் வந்தபோது, அண்ணன் மூன்றாம் வார மாத்திரையில் இருந்தார்.