திரையில்லாத சர்வரில் டெஸ்க்டாப் சோதனை: எக்ஸ்விஎஃப்பியா, ஆஃப்ஸ்கிரீனா?

க்யூடியில் (Qt, டெஸ்க்டாப் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய எங்கள் செயலியின் தானியங்கிச் சோதனைகளை லினக்ஸ் சர்வரில் ஓட்ட வேண்டியிருந்தது. சர்வரில் திரை கிடையாது. அப்படியே ஓட்டினால் க்யூடியைத் திரையோடு இணைக்கும் எக்ஸ்சிபி பிளக்இன்னால் டிஸ்பிளேயோடு இணைய முடியவில்லை என்று சொல்லி, செயலி திறக்கும் முன்பே நின்றுவிடும். இதற்குச் சில வழிகள் உண்டு. அவற்றை ஓட்டிப் பார்த்துவிட்டு திரை இருப்பதுபோல் காட்டும் எக்ஸ்விஎஃப்பியைத்தான் (Xvfb) தேர்ந்தெடுத்தோம். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆஃப்ஸ்கிரீன் என்பது செயலியைத் திரையில்லாமல் ஓடவைக்க க்யூடியோடு கூடவே வரும் பிளக்இன். ஒரு சூழல் மாறியில் பெயரைக் கொடுத்தால் போதும், லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சர்வரே தேவையில்லை. வேகமாகத் தொடங்கும். பட்டனை அழுத்தினால் கணக்கு சரியாக வருகிறதா என்பது போன்ற சோதனைகளுக்கு இதுவே போதும். ஆனால் க்ளிப்போர்டு அந்த ஒரு புரோசஸுக்குள்தான் இருக்கும். எக்ஸ்டூடூல் மாதிரி வெளியிலிருந்து மவுஸை நகர்த்தும் கருவிகளுக்கு அந்த விண்டோ இருப்பதே தெரியாது.

எக்ஸ்விஎஃப்பி உண்மையான எக்ஸ் சர்வர். வரைவதை எல்லாம் மானிட்டருக்கு அனுப்பாமல் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். செயலிக்கு வித்தியாசம் தெரியாது. க்யூடி, ஜிடிகே, எலெக்ட்ரான் என்று எதில் எழுதியிருந்தாலும் ஓடும்.

எங்களை இதை எடுக்க வைத்தது ஒரே காரணம்: சோதனை தோற்றால், அந்த நேரத்தில் திரையில் என்ன இருந்தது என்று பார்க்க முடியவேண்டும். டெஸ்க்டாப் சோதனைகள் பெரும்பாலும் அசெர்ட்டில் (எதிர்பார்த்த விடை வந்ததா என்று பார்க்கும் வரியில்) தோற்பதில்லை, தொங்கிக்கொண்டு நின்று டைம்அவுட் ஆகும். யாரும் எதிர்பார்க்காத ஒரு டயலாக், 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்டுக்கொண்டு பின்னால் நிற்கும். ஆஃப்ஸ்கிரீனிலும் கிராப் போட்டு ஒரு விட்ஜெட்டை (பட்டன், டயலாக் போன்ற திரைப் பகுதியை) படம் எடுக்கலாம். ஆனால் எந்த விட்ஜெட் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும், தெரியாத டயலாக்கை எப்படிச் சொல்வது? எக்ஸ்விஎஃப்பியில் இமேஜ்மேஜிக்கின் இம்போர்ட் கட்டளையை ரூட் விண்டோ மேல் ஓட்டினால் முழுத்திரையும் கிடைத்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கின் எக்ஸ்11கிராப்பை ஓடவிட்டால் சோதனை முழுவதும் வீடியோவாகவே பதிவாகும். நேரடியாகப் பார்க்க வேண்டுமா, எக்ஸ்11விஎன்சியை அதே டிஸ்பிளேயில் மாட்டினால் போதும். லாக் வரிகளை வைத்து ஊகித்துக்கொண்டிருந்ததைவிட, ஒரு படம் பார்த்து உடனே புரிந்துகொள்வது எத்தனையோ மேல்.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. எக்ஸ்விஎஃப்பியில் விண்டோ மேனேஜர் (விண்டோக்களை அடுக்கி, எது ஆக்டிவ் என்று கவனிக்கும் நிரல்) இல்லாததால் விண்டோ ஆக்டிவ் ஆகும்வரை காத்திருக்கும் சோதனைகள் தோற்கும். ஓப்பன்பாக்ஸ் மாதிரி சிறியது ஒன்றைக் கூடவே ஓட்டினால் சரியாகிவிடும். திரை அளவை 1920x1080x24 என்று நீங்களே எழுதிவிடுங்கள், இயல்பு மதிப்பை நம்பவேண்டாம். எக்ஸ்விஎஃப்பி-ரன் ஸ்கிரிப்ட் வசதிதான், ஆனால் நாம் ஒரு கோப்பைக் காட்டாவிட்டால் சர்வரின் பிழைச் செய்திகளைத் தூக்கி எறிந்துவிடும். ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும் இயந்திரத்தில் டிஸ்பிளே எண் மோதாமலிருக்க, டிஸ்பிளேஎஃப்டி விருப்பத்தைக் கொடுத்து காலி எண்ணை சர்வரையே தேர்ந்தெடுக்கவிடுவது பாதுகாப்பு. அப்புறம், கன்டெய்னரில் (சோதனை ஓடும் தனித்த சிறு சூழலில்) எழுத்துருக்கள் பெரும்பாலும் இருக்காது. செயலியில் தமிழ் இருந்தால் நோட்டோவோ லோஹித்தோ நிறுவாதவரை படத்தில் வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

டைகர்விஎன்சியின் எக்ஸ்விஎன்சியும் இதே வேலையைச் செய்யும், பார்க்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. யாராவது அடிக்கடி உள்ளே போய்ப் பார்க்கும் குழுவுக்கு அது நல்ல தேர்வு. எங்களுக்குப் படமும் வீடியோவுமே போதுமாக இருந்தது.

எக்ஸுக்கு மாற்றாக வந்த புதிய திரை முறையான வேலண்ட் பக்கம் என் அனுபவம் குறைவு. வேலண்டின் கம்போசிட்டர்களில் (விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் காட்டும் நிரல்களில்) ஒன்றான வெஸ்டனின் ஹெட்லெஸ் (திரையில்லாத) பேக்எண்டைச் சின்னச் சின்ன சோதனைகளுக்கு மட்டும் ஓட்டியிருக்கிறேன், அவை ஓடின. ஆனால் அதை ஒதுக்கி வைக்க முடியாது. 2025ல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10ல் எக்ஸ் சர்வரான எக்ஸ்.ஆர்க்கையே எடுத்துவிட்டார்கள். அங்கே, எக்ஸ் செயலிகளை வேலண்டில் ஓடவைக்கும் எக்ஸ்வேலண்டை ஹெட்லெஸ் வேலண்ட் கம்போசிட்டர் மேல் ஓட்டும் எக்ஸ்டபிள்யூஎஃப்பி-ரன் என்ற கருவி கைகொடுக்கும். உங்கள் பயனர்கள் வேலண்டில் இருந்தால், எக்ஸ்விஎஃப்பியில் சோதனை தேறிவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். முக்கியமான சிலவற்றையாவது வெஸ்டனிலும் ஓட்டிவிடுங்கள்.