மசோதாவைப் பின்தொடர பி.ஆர்.எஸ். தளம்: ஒப்புதல் வரை சரி, அப்புறம்?

நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க, முதலில் திறக்க வேண்டியது டெல்லியில் 2005 முதல் இயங்கும் ஆய்வு அமைப்பான பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச்சின் இணையதளம். கட்டணம் கிடையாது. அறிமுகமான தேதி, நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்குப் போனதா, இரு அவைகளும் எப்போது நிறைவேற்றின என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். கூடவே மசோதாவின் வாசகம், சுருக்கம், சிலவற்றுக்கு விரிவான ஆய்வுக்குறிப்பு. பெரும்பாலும் ஆங்கிலம்தான், நடை எளிமையானது.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவைத் தேடிப் பாருங்கள். 2019 டிசம்பரில் அறிமுகமாகி, கூட்டுக்குழுவுக்குப் போய், 2021 டிசம்பரில் அறிக்கை வந்து, 2022 ஆகஸ்டில் வாபஸ் ஆனது ஒன்று. 2023 ஆகஸ்ட் 3-ல் அறிமுகமாகி, 7-ல் மக்களவையிலும் 9-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 11-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது இன்னொன்று. இது குழுவுக்கே போகவில்லை! பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டைப் பார்க்காமல் திறந்தால், கைவிடப்பட்ட வாசகத்தைச் சட்டம் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

சுருக்கத்தை மட்டும் படித்து நிறுத்திவிடுவதும் ஆபத்து. அது பெரும்பாலும் அறிமுகப் பிரதியை வைத்து எழுதப்பட்டது. அரசின் திருத்தங்கள் பிரிவு வாரியாக ஓட்டுக்கு விடும்போது உள்ளே வரும். குழு அறிக்கைக்குப் பிறகு வாசகமே மாறியிருக்கலாம். மேற்கோள் காட்ட வேண்டுமென்றால், இரு அவைகளும் நிறைவேற்றிய பிரதியை எடுங்கள்.

'நிலுவை' என்றிருந்தால் எந்த அவையில் என்றும் பாருங்கள். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் இருப்பது காலாவதியாகிவிடும். மாநிலங்களவையில் நிலுவையில் இருந்து, மக்களவை இன்னும் நிறைவேற்றாதது தப்பிக்கும்.

ஒப்புதலுக்குப் பிறகு இந்தத் தளத்தை மட்டும் நம்ப முடியாது. முதல் பிரிவில் 'மத்திய அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்' என்று இருந்தால், அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் ஏட்டளவில்தான். மேலே சொன்ன 2023 சட்டத்துக்கு விதிகள் வந்ததே 2025 நவம்பரில். நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து இன்னும் 18 மாத அவகாசம். எந்தப் பிரிவு எப்போது அமலாகிறது என்பதை மத்திய அரசின் அரசிதழ் வெளியாகும் இ-கெசட் தளத்தில்தான் பார்க்க வேண்டும். அசாதாரண அரசிதழில் பகுதி 2, பிரிவு 1-ல் சட்டத்தின் வாசகம் இருக்கும். அமலாக்க அறிவிக்கையும் விதிகளும் அதே பகுதியின் பிரிவு 3-ல், அந்தந்த அமைச்சகத்தின் பெயரில் வரும்.