மணி எந்தப் பக்கம் இருக்கிறது: பராமரிப்பு இல்லத்தில் அப்பாவின் இரண்டே முக்கால் ஆண்டுகள்

அப்பா முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்து 2 ஆண்டுகளும் 9 மாதங்களும் ஆகின்றன. பக்கவாதத்தில் வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு பாதி போய்விட்டது. விழுங்குவதிலும் சிக்கல். வீட்டிலேயே 7 மாதம் வைத்துப் பார்த்தோம். நானும் தங்கையும் மாறி மாறித் தூக்கி, இருவருக்கும் இடுப்பு போன பிறகுதான் இல்லம் தேடினோம். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளை எழுதப்போகிறேன், அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள், அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

முதியோர் இல்லம் வேறு, பராமரிப்பு இல்லம் வேறு. தாமே எழுந்து குளித்து உணவுக்கூடத்துக்கு நடந்து வருகிறவர்களுக்கானது முதலாவது. பிறர் கை வைக்காமல் புரண்டு படுக்கவும் முடியாதவர்களுக்கானது இரண்டாவது. முதலாவதைப் பார்க்கும் கண்ணோடு இரண்டாவதைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். நாங்கள் ஏமாந்தோம். நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு இதைத் தேர்ந்தெடுத்த அன்று, காரணங்களை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன்: காற்றோட்டமான வரவேற்பறை, மீன்தொட்டி, பளபளக்கும் தரை, அன்பாகப் பேசும் மேலாளர். இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வரவேற்பறையில் அப்பா ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. மேலாளரின் அன்பும் பெரும்பாலும் அந்த அறையோடு நின்றுவிடுகிறது.

சேர்த்த நான்காம் நாள் போனபோது, அழைப்பு மணியின் பொத்தான் அப்பாவின் தலையணைக்கு வலது பக்கம் கிடந்தது. வலது கை அசையாத மனிதருக்கு வலது பக்கம் மணி! அறையில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும், “உங்கள் அப்பா மணியே அடிப்பதில்லை, தொந்தரவே இல்லாத மனிதர்” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நான் பொத்தானை எடுத்து இடது கையில் கொடுத்தேன். அப்பா உடனே அழுத்தினார். யாரும் வருவதற்குள் மறுபடியும் அழுத்தினார். நான்கு நாட்களாகச் சேர்த்துவைத்திருந்த அழைப்புகள் என்று தோன்றியது.

அடுத்த முறையும் மணி வலது பக்கமே. மூன்றாம் முறை கோபத்தோடு விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது: கம்பி வலது சுவரிலிருந்து வருகிறது, நீளம் போதாது, இழுத்து இடது பக்கம் வைத்தால் நழுவி விழுந்துவிடுகிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. யாருக்கும் அது தம் வேலையாகவும் தோன்றவில்லை. இரவுப்பணியில் இருந்த ஓர் இளைஞர்தான் ஒருநாள் கட்டிலையே தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டார். மொத்தம் பத்து நிமிட வேலை. அது நடக்க மூன்று வாரம் ஆனது.

படுக்கைப்புண் அடுத்த பாடம். அங்கே இடர் மதிப்பீட்டுக்குப் பிரேடன் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம். 18-க்கோ அதற்குக் கீழேயோ வந்தாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். அப்பாவுக்கு 13. அதனால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதாகவும், அதைப் பதிவேட்டில் குறிப்பதாகவும் சொன்னார்கள். கட்டிலின் கால்மாட்டில் பதிவேடு தொங்கியது. இடது, மல்லாக்க, வலது, இடது, மல்லாக்க, வலது. ஒரு கட்டம் விடாமல் நிரம்பியிருந்தது. எனக்குப் பெரிய நிம்மதி.

ஆறாம் மாதம் அப்பாவை ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றேன். காலை 11 மணிக்குக் கிளம்பி மாலை 5 மணிக்குத்தான் திரும்பினோம். உடை மாற்றும்போது எதேச்சையாகப் பதிவேட்டைப் பார்த்தேன். 12 மணி, இடது. 2 மணி, மல்லாக்க. 4 மணி, வலது. மூன்றிலும் கையெழுத்து. அந்த நேரமெல்லாம் அப்பா என்னோடு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

அன்றுதான் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தேன். எங்களைப் போன்ற கறுத்த தோலில் ஆரம்பச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, கெட்டியாக அல்லது கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா. வெளிர் நிறத் தோலாக இருந்தால், அழுத்தி எடுத்தபின் வெளுக்காமல் சிவப்பாகவே நிற்கும். முதல் நிலைப் புண் என்பது அதுதான். அப்பாவின் இடது குதிகால் சூடாக, மாவு பிசைந்ததுபோல் இருந்தது. தோல் இன்னும் கிழியவில்லை. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிற்கவிட்டால் சரியாகிவிடும் கட்டம். விட்டால் எலும்பு தெரியும்வரை போகும்.

தலைமை நர்ஸிடம் பதிவேட்டோடு போனேன். முதலில், “நேரம் தவறுதலாக எழுதியிருப்பார்கள்” என்றார். மூன்று முறையுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். பணிநேரம் முடிகிறபோது எல்லாக் கட்டங்களையும் மொத்தமாக நிரப்புவது பழக்கமாகிவிட்டது, இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிறார், இனி திருப்பிய கையோடு எழுதச் சொல்லியிருக்கிறேன் என்றார். அந்த அழைப்புக்காகத்தான் அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றவில்லை. தவறே நடக்காத இல்லத்தை நான் கேள்விப்பட்டதில்லை. தவறை ஒப்புக்கொள்ளும் இல்லமும் அபூர்வம்தான்.

தாளில் எழுதியதை நம்பி ஏமாந்தது நான் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இத்தகைய இல்லங்களுக்கு 2008 முதல் ஐந்து நட்சத்திர மதிப்பீடு இருக்கிறது; முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தை நடத்தும் அமைப்பு அதை வெளியிடுகிறது. நேரடி ஆய்வு, ஊழியர் எண்ணிக்கை, தர அளவீடுகள் மூன்றையும் வைத்து நட்சத்திரம். ஊழியர் எண்ணிக்கையை முன்பு இல்லங்களே எழுதிக் கொடுத்தன. 2018-இல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்க ஆரம்பித்தபோது, சனி, ஞாயிறுகளில் ஆட்கள் குறைவது அப்பட்டமாக வெளியே வந்தது. நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் போகிறேன். வாரநாள் காலையில் பார்க்கும் இல்லமும் அதுவும் வேறு வேறு.

உணவு விஷயத்தில் இல்லத்தின்மேல் எனக்கு ஆத்திரமும் உண்டு, நன்றியும் உண்டு. முதல் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அப்பாவின் எடை 61 கிலோவிலிருந்து 56-க்கு இறங்கியது. மாதத்தில் 5 சதவீதமோ, மூன்று மாதத்தில் 7.5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ குறைந்தால் அது எச்சரிக்கை மணி. அப்பாவுக்கு 8 சதவீதத்துக்கு மேல் போயிருந்தது. எடையை மாதாமாதம் ஒழுங்காகக் குறித்திருந்தார்கள். குறித்ததை வரிசையாக வைத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சும்மா ஓரமாக நின்று பார்த்தேன். ஊட்டிய பெண்ணுக்கு அப்பாவைத் தவிர இன்னும் மூவர் காத்திருந்தனர். அவர் நின்றுகொண்டே ஊட்டினார். அதனால் அப்பா தலையை அண்ணாந்து வாங்க வேண்டியிருந்தது. விழுங்கும் சிக்கல் உள்ளவர்கள் அண்ணாந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போக வசதியாகிவிடும். ஒரு கரண்டி உள்ளே இறங்குமுன் அடுத்த கரண்டி உதட்டருகே. அப்பா வாயை மூடிக்கொண்டார். “போதும் என்கிறார்” என்று தட்டு போய்விட்டது. முழுக்க எட்டு நிமிடம்.

இதைச் சண்டையாக்காமல், ஊட்டுகிறவருக்கு ஒரு முக்காலி கேட்டேன். முக்காலிதான். உட்கார்ந்தால் கண் மட்டம் ஒன்றாகிறது, தலை நிமிராது, கையும் தானாக நிதானப்படுகிறது. சாப்பிட்ட பின் 30 நிமிடமாவது சாய்க்காமல் உட்காரவைக்க வேண்டும் என்பதைக் கட்டிலின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டினோம். பல்செட் தளர்ந்துபோயிருந்ததையும் கண்டுபிடித்துச் சரிசெய்தோம். நான்கு மாதத்தில் 59 கிலோ. அந்தப் பெண்ணே பிறகு மற்ற மூவருக்கும் உட்கார்ந்து ஊட்ட ஆரம்பித்தார். கற்றுக்கொள்ள மனம் இருந்தது. சொல்லிக்கொடுக்கத்தான் யாரும் இல்லை.

இன்னொன்று, இதைவிடத் தீவிரமானது. இரண்டாம் ஆண்டில் அப்பா திடீரென்று இரவுகளில் கத்த ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்துப் போனபோது பகலிலும் தூங்கி வழிந்தார், வாயோரம் எச்சில். புதிதாக என்ன மாத்திரை என்று கேட்டதும்தான் மனநோய்க்குத் தரும் மருந்து ஒன்றைத் தொடங்கியிருப்பதைச் சொன்னார்கள். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2005-லேயே கடும் எச்சரிக்கை வெளியிட்டது. அப்பாவுக்கு அந்தச் சமயம் நினைவும் தடுமாறத் தொடங்கியிருந்தது. குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? வேறு மருத்துவரிடம் காட்டினோம்; அவர் முதலில் கேட்டது சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இருந்தது. வயதானவர்களுக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் இப்படித் திடீர்க் குழப்பமாகவே தொற்று வெளிப்படுவதுண்டு. தொற்று தணிந்தது, கத்தலும் நின்றது, அந்த மாத்திரையும் போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் இல்லத்தை இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை மருந்துப் பட்டியலை வாங்கி, முந்தைய மாதப் பட்டியலோடு ஒப்பிடுகிறேன்.

அதே ஆண்டில் ஒருநாள் இரவு 2 மணி 10 நிமிடத்துக்குத் தொலைபேசி ஒலித்தது. அப்பா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார், தலையில் அடியில்லை, முழங்கையில் சிராய்ப்பு, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இவ்வளவு, மருத்துவருக்குச் சொல்லிவிட்டோம், மணிக்கு ஒருமுறை பார்ப்போம். இரவு நர்ஸ் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “நான் அடுத்த அறையில் இருந்தேன், மணி ஒலித்தது, வருவதற்குள் விழுந்துவிட்டார்” என்றார். தம்மேல் பழி வரக்கூடிய தகவலைத் தாமாகவே சொன்னார். அந்தத் தளத்தில் இரவில் 28 பேருக்கு இரண்டே ஊழியர்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. சேர்ப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அது. நாங்கள் கேட்டது தொலைக்காட்சி இருக்கிறதா என்று.

வாசனையைப் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். காலையில் ஓர் அறையில் சிறுநீர் வாடை அடித்தால் அது மாற்றிக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கலாம். நாள் முழுக்கத் தாழ்வாரம் பினாயில் நெடியிலேயே மிதந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அதைவிட நகங்களைப் பார்க்கலாம், நாக்கைப் பார்க்கலாம். வெள்ளைப் படலம் இல்லாத, ஈரமான நாக்கு என்றால் யாரோ வாயைத் துடைத்துத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை வருகையாளருக்காக ஐந்து நிமிடத்தில் தயார்செய்ய முடியாது.

மதிப்பெண் போடச் சொன்னால், பகலுக்குப் பத்தில் ஏழு, இரவுக்கு ஐந்து, அந்த இரவு நர்ஸுக்கு மட்டும் பத்து. அவர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். கட்டிலைத் திருப்பிப் போட்ட இளைஞர் போய் ஒரு வருடமாகிறது. அப்பாவை நன்றாக அறிந்தவர்களில் இப்போது மிச்சம், முக்காலியில் உட்கார்ந்து ஊட்டும் அந்தப் பெண் ஒருவர்தான்.

சென்ற ஞாயிறு போனபோது அறையில் புதிதாக ஒருவர் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்து மூன்று நாள் என்றார். மணி அப்பாவின் இடது கைப்பக்கம், விரிப்போடு ஊக்கு குத்தி நிறுத்தியிருந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். “யாரும் சொல்லவில்லை. வலது பக்கம் வைத்தேன். ஐயா முறைத்தார்” என்றார்.