துபாயில் பேடல் கோர்ட் பிடிப்பது: செயலியா, உறுப்பினர் சந்தாவா, வாராந்திர நிலை நேரமா?

கண்ணாடிச் சுவர் சூழ்ந்த கோர்ட்டில் நால்வர் ஆடும், டென்னிஸ் போன்ற மட்டை ஆட்டமான பேடலைத் துபாயில் ஆடத் தொடங்கி ஒன்றரை ஆண்டாகிறது. இதற்குள் கோர்ட் பிடிக்கும் மூன்று வழிகளையும் கூடவோ குறையவோ பயன்படுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் செவ்வாய்க்கிழமை இரவு 9 மணி முதல் 10.30 வரை என்று ஒரே நேரத்தை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட ஆறு பேரில் நானும் ஒருவன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாராந்திர நிலை நேரத்தின் பக்கம்.

கோர்ட்டுகளுக்கு இங்கே பஞ்சமில்லை. அல் கூஸ் பகுதியில் வேர்ஹவுஸாக இருந்த கொட்டகைகள் பல இன்று குளிரூட்டிய பேடல் அரங்குகளாகிவிட்டன; 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும் என்பதால் ஒரே கொட்டகைக்குள் நாலைந்து கோர்ட்டுகளைப் போட்டுவிட முடிகிறது. ஆனாலும் அலுவலகம் விட்டு வரும் எல்லோரும் கேட்பது மாலை 7 முதல் 10 வரையிலான அதே மூன்று மணி நேரத்தைத்தான். பகல் 2 மணிக்குப் போனால் கேட்பாரில்லாமல் காலியாகக் கிடக்கும் கோர்ட்டை இரவு 8 மணிக்குப் பிடிக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கிறது. வாடகை, தூரம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவை அவரவர் குடியிருக்கும் பகுதியைப் பொறுத்தவை. அவற்றை இங்கே எடை போடவில்லை.

செயலி என்றால் எங்களைப் பொறுத்தவரை பிளேடோமிக்தான். ஸ்பெயினில் பிறந்த இந்தச் செயலியில் இங்குள்ள கிளப்புகள் பலவும் இருக்கின்றன. எந்தக் கோர்ட் எப்போது காலி என்பது அப்போதைக்கப்போது தெரிகிறது. வாடகையை நால்வரும் தனித்தனியே தத்தம் அட்டையிலிருந்து கட்டிவிடலாம் என்பதால், ஆட்டம் முடிந்து ஒருவர் பின்னால் ஒருவர் அலைந்து பணம் கேட்கும் சங்கடம் இல்லை. ஆள் சேராதவர்கள் ‘ஓபன் மேட்ச்’ என்று ஆட்டத்தைத் திறந்து வைத்தால், 0 முதல் 7 வரையிலான தர அளவில் தமக்கு நெருக்கமாக இருக்கும் அந்நியர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. என் முதல் மூன்று மாத ஆட்டங்கள் அனைத்தும் இப்படித்தான் நடந்தன. அதில் கிடைத்த இருவர் இன்றும் எங்கள் ஆறு பேரில் இருக்கிறார்கள்.

சிக்கல் முன்பதிவில் இல்லை, ரத்துசெய்வதில் இருக்கிறது. பேடல் நால்வர் ஆடும் ஆட்டம். அந்தக் கோர்ட்டில் இருவர் ஆடினால் அது வேறு விளையாட்டாகிவிடுகிறது. மூவர் ஆடினால் அதை விளையாட்டு என்றே சொல்ல முடியாது. கோர்ட் வாடகை 280 திர்ஹம் என்று வைத்துக்கொண்டால், நால்வர் வந்தால் தலைக்கு 70. ஒருவர் வராமல் போனால் மீதி மூவரும் 93 திர்ஹத்துக்கு மேல் ஆளுக்குக் கொடுத்து, மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ரத்துசெய்தால் பணம் எவ்வளவு நேரம் முன்பு வரை திரும்பும் என்பதைச் செயலி தீர்மானிப்பதில்லை, அந்தந்தக் கிளப்தான் தீர்மானிக்கிறது. நாங்கள் பார்த்தவரை 24 மணி நேரம் என்பது சாதாரண விதி. ஆனால் துபாயில் ஒருவர் வர முடியாது என்பது 24 மணி நேரத்துக்கு முன்பு தெரிவதே இல்லை. மேலாளர் கூட்டம் வைப்பது மாலை 5 மணிக்குத்தான் தெரியும். ஷார்ஜாவிலிருந்து வருபவருக்கு அல் இத்திஹாத் சாலை அடைபட்டிருப்பது 6 மணிக்குத்தான் தெரியும்.

கடந்த நவம்பரில் ஒரு வியாழக்கிழமை எனக்கு நேர்ந்ததும் இதுதான். எட்டு மணி ஆட்டத்துக்கு, நான்காம் ஆள் ஆறரை மணிக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பினார். அடுத்த ஒன்றரை மணி நேரமும் நான் கோர்ட்டின் வாசலில் நின்று, தொடர்புப் பட்டியலை மேலிருந்து கீழாகத் தள்ளித் தள்ளிப் பதினோரு பேரை அழைத்தேன். ஒருவரும் வரவில்லை. வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் மிகுந்த மரியாதையோடு விதியைக் காட்டினார். முழு வாடகையும் போயிற்று. கிளப்பின் மீது தவறில்லை என்பது எனக்கும் புரிகிறது. கடைசி நேரத்தில் விடுபட்ட கோர்ட்டை அவர்களும் யாருக்கு விற்பார்கள்?

நிலை நேரம் இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது, அதுவும் கோர்ட்டின் விதியை மாற்றி அல்ல, ஆள் கணக்கை மாற்றி. நாங்கள் ஆறு பேர். ஒரு வாரத்துக்கு நால்வர். பன்னிரண்டு வாரத்தில் 48 இடங்கள் வருகின்றன, அதாவது ஆளுக்கு எட்டு ஆட்டங்கள். முறை வராத இருவரும் அந்தச் செவ்வாய் இரவைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே எங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். மாலை ஆறு மணிக்கு ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், பெஞ்சில் இருப்பவர் பைக்குள் காலணியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். வாடகையை ஆறு பேரும் சமமாகப் போட்டாலும், ஆடிய ஆட்டத்துக்கு என்று வகுத்துப் பார்த்தால் அதே 70 திர்ஹம்தான் வருகிறது. காத்திருப்பவர் கூடுதலாக எதுவும் கொடுப்பதில்லை. கடந்த ஐந்து மாதங்களில் ஆள் இல்லாமல் ஒரே ஒரு ஆட்டம்தான் நின்றுபோனது. அது பொங்கல் விடுமுறைக்கு மூவர் ஊருக்குப் போயிருந்த வாரம்.

நான்கு வாரப் பணத்தை முன்கூட்டியே கட்டுவதால், அவற்றில் ஒரு வாரத்தை 48 மணி நேரத்துக்கு முன்பு சொல்லி வேறு நாளுக்கு நகர்த்திக்கொள்ளும் சலுகையை எங்கள் கிளப் வாய்மொழியாகத் தந்திருக்கிறது. எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், வாங்கவில்லை. ஒன்பது மணி என்பதில் சின்னதொரு லாபமும் உண்டு: வேலை நாட்களில் மாலை 4 முதல் 8 வரை 6 திர்ஹமாக இருக்கும் சாலிக் எனும் சாலைச் சுங்கக் கட்டணம் எட்டு மணிக்குப் பிறகு 4 ஆகிவிடுகிறது. இரண்டு திர்ஹத்துக்காக யாரும் ஆட்டத்தைத் தள்ளிப்போடுவதில்லை என்றாலும், எட்டு மணிக்கு மேல் சாலையும் சற்று இளகிவிடுகிறது என்பதுதான் உண்மையான ஆதாயம்.

குறைகளும் இருக்கின்றன. ஆறு பேரோடு மட்டும் ஆடினால் ஆட்டம் தேங்கிவிடுகிறது. எதிரே இருப்பவர் கண்ணாடிச் சுவரில் பட்டு வரும் பந்தை எங்கே திருப்புவார் என்பது அவர் மட்டையைத் தூக்கும்போதே தெரிந்துவிடுகிறது. ரமலானில் எங்கள் ஏற்பாடு முற்றாகக் குலைந்தது. குழுவில் கீழக்கரைக்காரர்கள் இருவர். ரமலான் இரவுகளில் நடக்கும் தராவீஹ் தொழுகை முடிந்து அவர்கள் வரும்போது பத்தரை மணி தாண்டிவிடும். அந்த மாதம் முழுவதும் நிலை நேரத்தை நிறுத்திவைத்து, செயலியில் நள்ளிரவு நேரங்களைத் தேடித்தான் ஆடினோம். அந்த மாதத்தில் ஊரே இரவு விழித்திருப்பதால் அதற்கும் போட்டி இருந்தது.

உறுப்பினர் சந்தாவைப் பற்றி அதிகம் சொல்லும் தகுதி எனக்கில்லை. அலுவலக நண்பர் ஒருவர் சேர்ந்திருக்கும் கிளப்பில் அவருடைய விருந்தினராக ஏழெட்டு முறை ஆடியதே என் அனுபவம். மற்றவர்களைவிடச் சில நாட்கள் முன்னதாகவே பதிவுசெய்ய முடிவதும், வாடகையில் தள்ளுபடியும் அவருக்குக் கிடைக்கின்றன. வாரத்தில் மூன்று நாள் ஆடுகிறார் என்பதால் அவருக்குக் கட்டுப்படியாகிறது. வாரம் ஒரு நாள் ஆடுபவருக்குக் கட்டுப்படியாகும் என்று தோன்றவில்லை. என் பார்வையில், சந்தா கோர்ட்டை உறுதிசெய்கிறதே தவிர நான்காம் ஆளை உறுதிசெய்வதில்லை. அவரும் கடைசி நேரத்தில் என்னை அழைத்ததால்தான் எனக்கு அந்த ஏழெட்டு ஆட்டங்கள் வாய்த்தன. பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளவோ, பிள்ளைகளையும் கூட்டிச்செல்லவோ விரும்புபவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

ஒழுங்காக வரக்கூடிய ஐந்து பேரைக்கூட இன்னும் தெரியாதவர்கள் நிலை நேரம் எடுக்க வேண்டாம். ஆள் இல்லாமல் நான்கு வாரப் பணத்தைக் கட்டுவது, ஒரு நாள் வாடகையை இழப்பதைவிட மோசமானது. செயலியில் மூன்று மாதம் ஆடி, சொன்ன நேரத்துக்கு வருபவர் யார், ‘வந்துகொண்டே இருக்கிறேன்’ என்று வீட்டிலிருந்தே சொல்பவர் யார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் குழுவில் ஆட்டத்தில் கெட்டிக்காரரான ஒருவரை இந்தக் காரணத்துக்காகவே சேர்க்கவில்லை.

நாங்கள் எடுத்திருப்பது திறந்தவெளிக் கோர்ட். ஆகஸ்டு இரவுகளில் கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டு, சுவரில் பட்ட பந்து எழும்பாமல் சறுக்கி இறங்கிவிடும் என்பதைப் போன ஆண்டே பார்த்துவிட்டதால், ஜூன் முதல் அதே கிளப்பின் உள்ளரங்குக்கு மாறக் கேட்டிருக்கிறோம். வாடகை கூடும் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய் ஒன்பது மணி அங்கே கிடைக்குமா என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. புதன் பத்தரை என்றால் ஆறு பேரில் எத்தனை பேர் வருவார்கள் என்று குழுவில் கேட்டு வைத்திருக்கிறேன். இதுவரை மூவர் சரி என்றிருக்கிறார்கள்.